கட்டணமில்லாக் கல்லூரி: கணக்கு யார் பெயரில்?

1847ஆம் ஆண்டு நியூயார்க் நகர மக்கள் முன் ஒரு கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தது. நகரத்தின் பொதுப்பணத்தில், மாணவரிடம் காசு வாங்காமல், உயர்கல்விக் கூடம் ஒன்றை நடத்தலாமா? எதிர்த்தவர்களைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமானோர் நடத்தலாம் என்றார்கள். பிற்பாடு ஜப்பானுக்குத் தூதுவராகப் போன வணிகர் டவுன்சென்ட் ஹாரிஸ் முன்னின்று வாதாடிய அந்தக் கூடம், 1849இல் ‘ஃப்ரீ அகாதமி’ என்ற பெயரில் வகுப்புகளைத் தொடங்கி, பிறகு சிட்டி காலேஜ் ஆனது. ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்களுக்கு மறைமுக வரம்பு வைத்திருந்த காலத்தில் நியூயார்க்கின் குடியேறிகளுடைய பிள்ளைகள் இங்கே வந்து சேர்ந்தார்கள். போலியோ தடுப்பூசி கண்ட ஜோனஸ் சால்க் அவர்களில் ஒருவர்.

129 ஆண்டுகள் அங்கே கட்டணம் இல்லை. 1976இல் வந்தது. நகராட்சி திவாலாகும் நிலைக்குப் போய்விட்டது என்பது காரணம். வேறொரு கணக்கையும் சிலர் நினைவூட்டுகிறார்கள். மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு, 1970இல்தான் நகரப் பல்கலைக்கழகம் பள்ளி முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்தது. கருப்பின, புவர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் பெருவாரியாக உள்ளே வரத் தொடங்கி ஆறே ஆண்டுகளில் இலவசம் முடிந்துபோனது. இரண்டுக்கும் எவ்வளவு தொடர்பு என்பதில் வரலாற்றாசிரியர்களிடம் ஒரே கருத்து இல்லை. ஆனால் அரசுக் கல்லூரியில் படிப்பவரிடம் பணம் வாங்கலாமா, வாங்காவிட்டால் அது யார் தலையில் விழும் என்ற பழைய கேள்விக்கு இந்த இரண்டு ஆண்டுகளும் நல்ல வாசல். விலையைப் பற்றிய வாதமாகத் தொடங்குவது, யாருக்கு இடம் என்ற வாதமாக முடிவதை இதில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

இலவசம் வந்த வழி, போன வழி

கட்டணமில்லாக் கல்லூரி என்பது 2016 தேர்தல் மேடையில் பெர்னி சாண்டர்ஸ் கொண்டுவந்த புதுச் சரக்கு என்று அமெரிக்காவிலேயே நினைப்பவர்கள் உண்டு. அது பழைய சரக்கு. 1868இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை நிறுவிய சட்டமே மாநிலத்தவருக்குக் கட்டணம் கூடாது என்ற நோக்கத்தைச் சொன்னது. அதிபர் ட்ரூமன் அமைத்த ஆணையம் 1947இல், பள்ளிக்குப் பிந்தைய முதல் இரண்டு ஆண்டுகளை நாடு முழுக்க இலவசமாக்கப் பரிந்துரைத்தது. பள்ளிப் படிப்பு பொதுச்செலவு என்று ஏற்கப்பட்ட பிறகு, பன்னிரண்டாம் வகுப்போடு கோடு கிழிக்க என்ன நியாயம் என்பதே அந்த ஆணையத்தின் அடிப்படை வாதம். இன்றும் இலவசத்தை ஆதரிப்பவர்களின் முதல் வாதம் அதுதான்.

இதற்கு முழு வடிவம் கொடுத்தது கலிபோர்னியாவின் 1960ஆம் ஆண்டு ‘மாஸ்டர் பிளான்’. பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் அதன் சிற்பி. பள்ளி முடித்தவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கு, மற்ற யாவரும் உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கு. எந்தப் படியிலும் மாநிலத்தவருக்குக் கட்டணம் கிடையாது. மாஸ்டர் பிளான் விலையைப் பூஜ்யமாக்கியது; இடத்தை மூன்று தட்டாகப் பிரித்தது. பின்னாளில் புகழப்பட்டது முதல் பாதி மட்டும்.

1966இல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரொனால்ட் ரீகன், யாரோ ஒருவரின் அறிவு ஆர்வத்துக்கு வரி கட்டுபவர் ஏன் செலவழிக்க வேண்டும் என்ற தொனியில் பேசினார். அவர் பதவியேற்ற மாதத்திலேயே கெர் பதவி இழந்தார். 1970 வாக்கில் ‘கல்விக் கட்டணம்’ என்ற ஒன்று வந்தது. அதை ‘டியூஷன்’ என்று சொல்லாமல் ‘ஃபீ’ என்றே அழைத்துப் பல பத்தாண்டுகள் பழைய வாக்குறுதியின் மானத்தைக் காப்பாற்றினார்கள். 1978இல் சொத்துவரிக்கு உச்சவரம்பு வைத்த ‘13ஆம் முன்மொழிவு’ நிறைவேறியது. உள்ளூர்க் கல்லூரிகள் நம்பியிருந்த ஊற்று அது. 1984இல் அங்கும் கட்டணம் வந்தது, ஒரு பாட அலகுக்கு 5 டாலர் என்று. எந்தத் தத்துவமும் தோற்று இலவசம் போகவில்லை. வரிப்பணம் சுருங்கியபோது போனது. இலவசக் கல்வியின் முதல் பலவீனம் இது. கட்டணம் மாணவரோடு வந்துவிடும். மானியமோ ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் கையேந்திப் பெற வேண்டியது.

மார்க்ஸும் ஃப்ரீட்மனும் ஒரே திண்ணையில்

இலவசத்துக்கு எதிரான மிக வலுவான வாதம் பணக்காரர் தரப்பிலிருந்து எழவில்லை. 1875இல் ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது, சில அமெரிக்க மாநிலங்களின் இலவச உயர்கல்வியைக் கார்ல் மார்க்ஸ் கிண்டல் செய்தார். மேல்தட்டுப் பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பொது வரியிலிருந்து கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான் என்பது அவர் கருத்து. எண்பது ஆண்டுகள் கழித்து, 1955இல், சிகாகோவின் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் வேறு வழியாக நடந்து அதே திண்ணைக்கு வந்து சேர்ந்தார். பட்டத்தின் பலன் பட்டதாரியின் சம்பளத்தில் தெரிகிறது. ஆகவே முதலீட்டையும் அவரே ஏற்கட்டும், பின்னாளைய வருமானத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரட்டும் என்றார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்கும் வேலையை 1969இல் செய்தவர்கள் லீ ஹான்சன், பர்ட்டன் வைஸ்பிராட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள். கலிபோர்னியாவையே எடுத்துக்கொண்டார்கள். அதிக மானியம் பெறும் பல்கலைக்கழக மாணவர்களின் குடும்ப வருமானம்தான் மிக உயர்ந்தது. அடுத்த படியில் மாநிலக் கல்லூரி, அதற்கும் கீழே இரண்டாண்டுக் கல்லூரி. பிள்ளையைக் கல்லூரிக்கே அனுப்பாத குடும்பங்கள் எல்லோருக்கும் கீழே. ஆக, இலவசம் என்ற பெயரில் கீழிருந்து மேலே பணம் போகிறது என்று முடிவுகட்டினார்கள்.

மறு ஆண்டே இன்னொரு பொருளாதார அறிஞர் ஜோசப் பெக்மன் அதே புள்ளிவிவரத்தை வேறு விதமாக அடுக்கிக் காட்டினார். குடும்பங்களைப் பிள்ளை எங்கே படிக்கிறது என்று பிரிக்காமல், வருமானப்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவும் கட்டும் வரியையும் பெறும் மானியத்தையும் ஒப்பிட்டால், பணக்காரர் பெறுவதைவிடத் தருவதே அதிகம் என்றார். இந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. எண்கள் ஒன்றாக இருந்தும் விடை மாறுவதற்குக் காரணம், எதோடு எதை ஒப்பிடுவது என்பதில் இருக்கிறது. வரியமைப்பு ஏறுமுகமாக இருக்கும் ஊரில் பெக்மன் பக்கம் கனக்கிறது. விற்பனை வரியை நம்பும் ஊரில் மார்க்ஸ் பக்கம்.

டென்னசி மாநிலம் இந்த முரணுக்கு நல்ல உதாரணம். குடியரசுக் கட்சி ஆளுநர் பில் ஹாஸ்லம் 2014இல் கையெழுத்திட்ட ‘டென்னசி பிராமிஸ்’, பள்ளி முடித்த எவருக்கும் இரண்டாண்டுக் கல்லூரியைக் கட்டணமில்லாமல் தருகிறது. பணம் வருவது அரசு லாட்டரி நிதியிலிருந்து. லாட்டரியை 2003இல் ஒழித்த தமிழ்நாட்டின் வாசகருக்கு அந்தச் சீட்டை யார் அதிகம் வாங்குவார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

படி, சம்பாதி, பிறகு கட்டு

ஃப்ரீட்மன் சொன்ன திசையில் நாடு முழுக்க முதலில் நடந்தது ஆஸ்திரேலியா, அதுவும் ஒரு தொழிற்கட்சி அரசின் கையால். முன்னர் பிரதமர் கஃப் விட்லம் 1974இல் கட்டணத்தை ஒழித்திருந்தார். மாணவர்களின் சமூகப் பின்னணி எதிர்பார்த்த அளவு மாறவில்லை என்ற குறை பின்னர் எழுந்தது. இடங்களைப் பெருக்கப் பணமும் போதவில்லை. 1989இல், பொருளாதார அறிஞர் புரூஸ் சாப்மன் வகுத்த திட்டப்படி, ஆண்டுக்கு 1,800 ஆஸ்திரேலிய டாலர் கட்டணம் வந்தது. சேரும்போது எதுவும் கட்ட வேண்டாம். வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் வருமான வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். தாண்டவே இல்லையென்றால் கேட்கவும் மாட்டார்கள்.

இங்கிலாந்து இதைப் பெரிய அளவில் செய்தது. 1998இல் 1,000 பவுண்டு. 2004இல் பிரதமர் டோனி பிளேர் வெறும் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் இரண்டாம் வாசிப்பைத் தாண்டச் செய்த மசோதாவால் 2006 முதல் 3,000. 2012இல் 9,000. கட்டண உயர்வை எதிர்ப்பதாக எழுத்தில் உறுதி தந்து ஆட்சிக்கு வந்த லிபரல் டெமாக்ரட் கட்சி, அந்த உயர்வுக்குத் துணைபோன பழியிலிருந்து மீள வெகுகாலம் ஆயிற்று. அதன் தலைவர் நிக் கிளெக் பொதுவில் மன்னிப்பே கேட்டார்.

இலவசம் போன பிறகு ஏழைகள் விலகியிருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. ரிச்சர்ட் மர்ஃபி, ஜூடித் ஸ்காட்-கிளேட்டன், கில் வைனஸ் மூவரும் செய்த ஆய்வு, சேர்க்கை கூடியதையும், ஒரு மாணவருக்கான செலவு மீண்டதையும், பணக்கார–ஏழை இடைவெளி குறைந்திருப்பதையும் காட்டியது. காரணங்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு செலவைக் கட்டுப்படுத்த அரசு இடங்களுக்கு உச்சவரம்பு வைத்திருந்தது. கட்டணம் வந்ததால் 2015இல் அந்த வரம்பை எடுக்க முடிந்தது. ஆகவே நன்மை கட்டணத்தால் வந்ததா, கூடுதல் இடங்களால் வந்ததா என்று பிரிப்பது கடினம். இங்கிலாந்தை அப்படியே அமெரிக்காவுக்குப் பாடமாக்குவதும் எளிதல்ல. அங்கே கடன் வருமானத்தோடு தானாக ஏறி இறங்குகிறது. அமெரிக்காவில் அத்தகைய தவணைத் திட்டங்கள் விண்ணப்பித்தால் மட்டுமே கிடைக்கின்றன.

இந்த ஏற்பாட்டுக்கும் ஓட்டை உண்டு. இங்கிலாந்துப் பட்டதாரி சராசரியாக 40,000 பவுண்டுக்கு மேற்பட்ட கடனோடு வெளியேறுகிறார். நல்ல சம்பளக்காரர் சீக்கிரம் அடைத்துவிட, வட்டி ஏற ஏற நடுத்தரச் சம்பளக்காரர் அவரைவிட அதிகம் கட்ட நேர்கிறது. கட்டண உச்சவரம்பு விலைவாசிக்கு ஈடாக உயராததால், பல்கலைக்கழகங்கள் பள்ளத்தை வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தால் நிரப்புகின்றன. யார் கொடுப்பது என்ற கேள்விக்கு இங்கே எதிர்பாராத ஒரு விடை வருகிறது. உள்ளூர்ப் பிள்ளையின் வகுப்பறைச் செலவில் ஒரு பங்கைச் சென்னையிலோ கோவையிலோ வீட்டை அடமானம் வைத்த ஒரு தகப்பன் ஏற்கிறார்.

எல்லோருக்குமா, இல்லாதவருக்கு மட்டுமா

2016 தேர்தல் களத்தில், டிரம்பின் பிள்ளைகளுக்கும் மக்கள் ஏன் கல்லூரிச் செலவு தர வேண்டும் என்று ஹிலாரி கிளின்டன் கேட்டார். பொதுப்பள்ளிக்கும் நூலகத்துக்கும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லையே என்றது சாண்டர்ஸ் தரப்பு. சாண்டர்ஸ் திட்டத்தில் பங்குப் பரிவர்த்தனை மீது 0.5 விழுக்காடு வரி. செலவில் மூன்றில் இரு பங்கு மத்திய அரசு, மீதி மாநிலம். இதில் நியாயமான ஒரு சிக்கலைப் பலர் காட்டினார்கள். ஏற்கெனவே நிறையச் செலவழித்துக் கட்டணத்தைத் தாழ்த்தி வைத்திருக்கும் மாநிலத்துக்குக் குறைந்த உதவியும், கட்டணத்தை ஏற்றி வைத்திருக்கும் மாநிலத்துக்கு நிறைந்த உதவியும் கிடைக்கும்.

வருமான வரம்பு வைக்கும் வழியை 2017இல் நியூயார்க் எடுத்தது. ‘எக்செல்சியர்’ உதவித்தொகை, முடிவில் ஆண்டு வருமானம் 1,25,000 டாலர் வரையுள்ள குடும்பங்களுக்கு என்று நிர்ணயமானது. ஆண்டுக்கு 30 பாட அலகு முடிக்க வேண்டும். உதவி பெற்ற ஆண்டுகள் அளவுக்கு அந்த மாநிலத்திலேயே வாழ வேண்டும், இல்லாவிட்டால் உதவி கடனாக மாறும். இப்படி நிபந்தனை கூடக் கூட, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பிள்ளை நழுவுகிறது.

இன்னொரு நுணுக்கம், எக்செல்சியரும் டென்னசி பிராமிஸும் ‘கடைசி டாலர்’ திட்டங்கள். மற்ற உதவிகள் போக மீதிக் கட்டணத்தை மட்டும் தருபவை. 2023–24இல் ஏழை மாணவருக்கான மத்திய அரசின் பெல் உதவித்தொகை அதிகபட்சம் 7,395 டாலர்; இரண்டாண்டுக் கல்லூரியின் சராசரிக் கட்டணம் சுமார் 4,000. ஆக, மிக ஏழைக்கு மாநிலத்திடமிருந்து கிடைப்பது பூஜ்யம். பலன் அடுத்த படியில் உள்ளவருக்கு. நியூ மெக்சிகோ 2022இல் இதைத் தலைகீழாக்கி, கட்டணத்தை முதலிலேயே மாநிலம் கொடுத்துவிட, பெல் பணம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மிஞ்சும்படி செய்தது.

அப்படியென்றால் கடைசி டாலர் வீண் வேலையா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் டைனார்ஸ்கியும் சகாக்களும் நடத்திய சோதனை யோசிக்க வைக்கிறது. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு, இடம் கிடைத்தால் நான்கு ஆண்டும் கட்டணம் இல்லை என்று உறுதி தரும் கடிதம் போனது. விண்ணப்பித்தவர் பங்கு 26 விழுக்காட்டிலிருந்து 68க்குத் தாவியது. சேர்ந்தவர் பங்கு இரு மடங்கைத் தாண்டியது. கடிதம் பெறாதவர்களும் விண்ணப்பித்து இடம் பெற்றிருந்தால் ஏறத்தாழ அதே உதவி அவர்களுக்கும் கிடைத்திருக்கும் என்பதுதான் இதில் விசேஷம். மாறியது பணமல்ல, முன்கூட்டிய நிச்சயம். இலவசம் என்ற சொல்லுக்குப் பட்ஜெட்டில் தெரியாத ஒரு சக்தி இருப்பதாக இதிலிருந்து ஊகிக்கலாம். டென்னசியில் இரண்டாண்டுக் கல்லூரிச் சேர்க்கை கூடியதற்கும் அது ஓரளவு காரணமாக இருக்கக்கூடும்.

அனைவருக்கும் என்ற வழியில் நிலைத்திருப்பது ஜெர்மனி. 2005இல் அரசியல் சாசன நீதிமன்றம் அனுமதித்த பிறகு ஏழு மாநிலங்கள் பருவத்துக்கு 500 யூரோ அளவில் கட்டணம் கொண்டுவந்தன; 2014க்குள் ஒவ்வொன்றாக எல்லாம் வாபஸ். எதிர்ப்புக்கு மாணவர் மட்டுமல்ல, தேர்தலுக்குத் தேர்தல் பெற்றோரும் காரணம். நடுத்தர வர்க்கம் பயனடையும் திட்டத்துக்கு அந்த வர்க்கமே காவல் நிற்கும். ஏழைக்கு மட்டுமான திட்டம் முதல் பஞ்சத்திலேயே வெட்டுப்படும் என்ற வாதத்துக்கு இது சாதகம். நியூயார்க்கின் 1976 அதற்குப் பாதகம். சிலி நடுவில் நிற்கிறது. பினோசே ஆட்சியின் 1981 சீர்திருத்தம் கட்டணத்தைப் பரவலாக்கியது. 2011 மாணவர் போராட்டத்துக்குப் பிறகு 2016இல் கீழ்ப் பாதிக் குடும்பங்களுக்கு இலவசம் வந்து, 2018இல் 60 விழுக்காடு வரை விரிந்து அங்கே நின்றது. அனைவருக்கும் என்ற கோஷத்தை நிதியமைச்சகம் விழுக்காட்டில் நிறுத்தியது.

இடம் இல்லாத இலவசம்

விலை பூஜ்யமானால் வரிசை நீளும். வரிசையில் யார் முன்னே நிற்பது என்பதை வேறு ஏதாவது ஒன்று தீர்மானிக்கும். இதை இலங்கை அளவுக்கு வலியோடு கற்ற நாடு குறைவு.

1945இல் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வியை இலவசமாக்கினார். ஒரு தலைமுறையில் கிராமத்துப் பிள்ளைகள் தேர்வு மண்டபங்களை நிரப்பினார்கள். இடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. மதிப்பெண் அரசியலானது. 1970களின் தொடக்கத்தில் வந்த ‘தரப்படுத்தல்’ முறையில், மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 250 மதிப்பெண்ணும், சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 229ம் தேவைப்பட்டன. யாழ்ப்பாணத்து இளைஞரின் கசப்புக்கு அது எவ்வளவு உரமிட்டது என்பது தமிழ் வாசகர் அறிந்த வரலாறு. பிறகு வந்த மாவட்ட ஒதுக்கீடு, பின்தங்கிய மாவட்டங்களின் சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு வழிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாலபேயில் எழுந்த தனியார் மருத்துவக் கல்லூரி 2017இல் கடும் போராட்டத்துக்குப் பிறகு கைவிடப்பட்டபோதும் அடியில் இருந்தது அதே முடிச்சுதான். பல்கலைக்கழகத் தகுதி பெறுபவரில் பெரும்பாலோருக்கு அரசிடம் இடமில்லை; இடத்தை விலைக்கு விற்பதைச் சமூகம் ஏற்கவும் இல்லை.

பிரேசிலின் கூட்டாட்சிப் பல்கலைக்கழகங்களும் கட்டணமற்றவை. நுழைவுத்தேர்வைத் தாண்ட நல்ல தனியார் பள்ளியும் பயிற்சி வகுப்பும் வேண்டியிருந்ததால், பள்ளிக்குக் காசு கட்டியவரின் பிள்ளைக்கே கல்லூரி இலவசமானது. 2012இல் பாதி இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கிச் சட்டம் இயற்றிய பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் பிள்ளைகளைப் பத்து வயதிலேயே பள்ளிவகை பார்த்துப் பிரிக்கிறார்கள். வடிகட்டி அங்கே முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்காட்லாந்து தன் மாணவருக்குக் கட்டணம் வாங்குவதில்லை, அதனால் அவர்களுக்கான இடங்களுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. காசு கட்டிவரும் இங்கிலாந்து மாணவருக்கு அந்த வரம்பில்லை.

தீராத பாக்கிகள்

கட்டணம் மட்டுமே செலவு என்ற எண்ணம் எல்லாத் தரப்பிலும் ஓரளவு இருக்கிறது. 2023–24இல் அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர் மாணவருக்கான சராசரிக் கட்டணம் சுமார் 11,000 டாலர். அறை, உணவு, புத்தகம், பயணம் எல்லாம் சேர்ந்தால் 28,000ஐத் தாண்டுகிறது. ஸ்வீடனில் உள்நாட்டு மாணவருக்குக் கட்டணமே இல்லை, ஆனாலும் மாணவர்கள் வாழ்க்கைச் செலவுக்கு வாங்கிய கடனோடுதான் பட்டம் பெறுகிறார்கள். தென்னாப்பிரிக்கா 2015 கட்டண எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பிறகு, ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டு வரையுள்ள குடும்பங்களுக்கு உதவியை அறிவித்தபோது, தங்குமிடத்தையும் உணவையும் சேர்த்துக்கொண்டது. இந்த நோக்கில் அது மற்றப் பல திட்டங்களைவிட முழுமையானது, செலவும் அதற்கேற்றதே.

கையிலுள்ள சான்றுகளைக் கொண்டு எச்சரிக்கையோடு சொல்வதானால், இலவசத்துக்கான வாதம் இரண்டாண்டுக் கல்லூரிகள் போன்ற எல்லோருக்கும் இடமுள்ள நிறுவனங்களில் வலுவாக இருக்கிறது. இடங்கள் குறைந்த, புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் சேர்க்கை முறையை மாற்றாமல் கட்டணத்தை மட்டும் எடுத்தால் ஹான்சன்–வைஸ்பிராட் ஆட்சேபம் உயிர்பெறுகிறது. வருமானத்தோடு இணைந்த கடன் நியாயத்தில் பின்தங்கியதல்ல; ஆனால் அதன் நியாயம் முழுக்கத் தவணை விதிகளில் தொங்குகிறது, அந்த விதிகளை அரசுகள் நடுவில் மாற்றுகின்றன. பட்டதாரியால் சமூகம் பெறும் நன்மையைப் பணத்தில் அளந்து மானியத்தின் சரியான அளவை நிர்ணயிப்பதில் இணக்கம் எட்டப்படவில்லை. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்ற கேள்விக்கு இலவசத் திட்டங்களின் பதில் இதுவரை மங்கலாகவே இருக்கிறது.

பழைய கடனின் நிலையும் அதுவே. சுமார் 40,000 கோடி டாலர் மாணவர் கடனைத் தள்ளுபடி செய்யும் ஜோ பைடனின் திட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் ரத்துசெய்தது. அதே ஆண்டு கோடைக்குப் பிறகு இங்கிலாந்தில் சேர்ந்த மாணவர்களுக்குக் கடன் தள்ளுபடியாகும் கெடு 30 ஆண்டிலிருந்து 40 ஆக நீண்டது. மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்த அவர்களில் எத்தனை பேர் முழுதாகக் கட்டினார்கள், எவ்வளவு பாக்கி வரிப்பணத்தின் மேல் விழுந்தது என்ற கணக்கு 2067 வாக்கில் முடியும்.